பதினோராம் நபரின் சுற்று வழி

போன வாரம் பெரியவனை பஸ் ஸ்டாப்பில் உட்காரவைத்துவிட்டு வந்தோம். ஆலோசனை மையத்துக்குப் போகிறேன் என்று சொல்லிக் கிளம்பியவன், மையத்துக்கு எதிரே இருக்கிற அந்த ஸ்டாப்பிலேயே ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, "போயிட்டு வந்தேன், நல்லாப் பேசினாங்க" என்று கூசாமல் வந்து சொன்னான்.

அந்தப் பொய் நாலு நாள்தான் தாக்குப்பிடித்தது. மையத்திலிருந்து போன் வந்தது. "உங்க பையன் வரவே இல்லையே? வியாழக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு இன்னொரு தடவை நேரம் தர்றோம். அதையும் விட்டா வரிசையில கடைசிக்குப் போயிடுவார். ரெண்டு மாசம் ஆகும்."

ரெண்டு மாசம்! ஏணியிலிருந்து விழுந்து முதுகை உடைத்துக்கொண்ட ஏ.சி. மெக்கானிக் அவன். டாக்டர் பத்து நாளைக்கு எழுதிக்கொடுத்த வலி மாத்திரையை ஒன்றரை வருஷமாக விடமுடியவில்லை. வலிக்காக மாத்திரையா, மாத்திரைக்காக வலியா என்று இப்போது அவனுக்கே தெரியாது. போன மாதம் குளியலறையில் சுருண்டு கிடந்தவனைக் கதவை உடைத்துத்தான் தூக்கினார்கள். இன்னும் ரெண்டு மாசத்துக்கு அவன் தாங்குவானா என்ற கேள்வியை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

அந்த வியாழக்கிழமைதான் இன்று.

"நான் போகல" என்றான் பெரியவன், காலையில் பல் தேய்க்கும்போதே.

அம்மா தையல் மெஷினை நிறுத்தினாள். பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கொடுக்கிறவள். அவள் மெஷின் நின்றால் வீட்டில் ஏதோ பெரிதாக நடக்கப்போகிறது என்று அர்த்தம்.

"ஏன்டா போகல?"

"அங்க இருக்கறவங்களுக்கு என்னம்மா தெரியும்? ஏ.சி. ரூம்ல உக்காந்துட்டு, ஏ.சி. மாட்டப் போய் விழுந்தவனுக்குப் புத்தி சொல்வாங்க. நான் கேட்டுட்டு வரணும்."

சின்னவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். அவள் சமூகப்பணி முதுகலை, இரண்டாம் வருஷம். இந்த மாதிரி ஆட்களுக்கு ஆலோசனை சொல்வது எப்படி என்றுதான் அவளுக்குப் பாடமே நடக்கிறது. வகுப்பில் அவள்தான் முதல் மார்க். வீட்டில் அண்ணனிடம் ஒரு வார்த்தை எடுபடுவதில்லை.

"அண்ணா, புத்தியெல்லாம் சொல்ல மாட்டாங்க. நீ பேசறதைத்தான் கேப்பாங்க."

"அதுக்கு எனக்குச் சுவரே போதும்."

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். முப்பது வருஷமாக அடுத்தவர் கண்ணுக்கு அளவெடுத்துத் தேய்த்துத் தேய்த்து, வாயைத் திறப்பதையே மறந்துவிட்டவர். சட்டை நுனியால் தன் கண்ணாடியை நிதானமாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, நீங்களாவது ஏதாவது சொல்லுங்களேன்" என்றாள் சின்னவள்.

"மத்தியானத்துக்கு மேல லீவு போட்டிருக்கேன்" என்றார் அப்பா. கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவ்வளவுதான், முடிந்தது அவருடைய சொற்பொழிவு.

தெருமுனையில் அவர் வழக்கம்போல இடப்பக்கம் திரும்பினார். "போகுது பாரு ரவுண்டானா" என்றான் பெரியவன்.

இந்தப் பட்டப்பெயரின் கதையைத் தொடரின் முதல் வாரத்திலேயே தொட்டுவிட்டுப் போனது நினைவிருக்கலாம். தெருமுனையில் வலப்பக்கம் திரும்பினால் கண்ணாடிக் கடைக்குப் பத்தே நிமிஷம். இடப்பக்கம் போனால் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டு அரை மணி நேரம். அப்பா போவதும் வருவதும் எப்போதும் தொட்டி வழிதான். ஏனென்றால் வலப்பக்கத் தெருவில் மாமா வீடு இருக்கிறது, அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன் வீடு. அவர் முகத்தில் விழிக்கக் கூடாது என்று அப்பாவுக்கு வைராக்கியம். என்ன சண்டை, எப்போது வந்தது, யாருக்கும் தெரியாது. கேட்டால் பதில் வராது. மாமாவும் ரோஷக்காரர். "உன் வீட்டுக்காரர் மிதிக்காத வாசலை நீயும் மிதிக்க வேணாம்" என்று சொல்லிவிட்டார். கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு இருபத்திரண்டு வருஷமாக அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்வதில்லை. மாமா மகள் கல்யாணத்தன்று அம்மா நாள் பூராவும் மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தாள். அன்றைக்குத் தைத்த சீருடைகளை மறுநாள் பிரித்துத்தான் தைக்க வேண்டியிருந்தது.

"என் அண்ணனைப் பாக்கக் கூடாதுன்னு ஊரைச் சுத்தத் தெரியுது" என்றாள் அம்மா இப்போது. "பெத்த பிள்ளைக்காக நாலு வார்த்தை பேச வரல."

சின்னவளும் அதையேதான் நினைத்தாள். நினைத்துக்கொண்டே பையை மாட்டிக்கொண்டு நூலகத்துக்குப் போனாள். மூன்று மணிக்குள் வந்துவிடுகிறேன், அண்ணனைத் தூங்க விட்டுவிடாதே என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

கல்லூரி நூலகத்தில் பழைய ஆய்வேடுகளுக்குத் தனி அறை. அதைக் காப்பவர் பெயர் என்னவோ, மாணவர்கள் வைத்த பெயர் 'உஷ்'. பேனா கூடாது, பென்சில்தான். போனை வெளியே பெட்டியில் வைக்க வேண்டும். வாசலில் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அதன் மேல் பக்கத்தில் ஒரு வரி அச்சடித்து ஒட்டியிருக்கும்: 'இங்குள்ள பதிவுகளில் யாரையேனும் அடையாளம் கண்டுகொள்பவர், அதை எவரிடமும் வெளியிடாதிருக்க உறுதி கூறுகிறார்.' சின்னவள் மூன்று வாரமாக அந்த வரிக்குக் கீழே தினமும் கையெழுத்துப் போடுகிறாள். ஒரு நாள்கூட அதை முழுசாகப் படித்ததில்லை.

அவளுக்குக் கொடுத்திருந்த தலைப்பு, 'ஆலோசனைக்கு வந்து பாதியில் நிற்பவர்கள்'. பழைய ஆய்வுகளில் எத்தனை பேர் நின்றார்கள், ஏன் நின்றார்கள் என்று திரட்ட வேண்டும். அவள் பழக்கம், எல்லா மாணவர்களையும் போல, கடைசியில் இருக்கிற அட்டவணையை முதலில் பார்ப்பது. எண்ணை எடுத்துக்கொண்டு மூடிவிடலாம். இருபது ஆய்வேடுகளை அப்படித்தான் முடித்திருந்தாள்.

இன்றைக்கு எடுத்தது இருபத்தொன்றாவது. இதே துறையில் படித்த ஒரு மாணவி, அவள் பிறந்த வருஷம் கொடுத்தது. நீல அட்டை, தட்டச்சு எழுத்து. வாரம் ஒரு நாள் ஓர் ஆலோசனை அறையில் உட்கார்ந்து, பதினான்கு பேரோடு பேசியதைப் பதிவு செய்திருந்தாள் அந்த மாணவி. எல்லோரும் மாத்திரைக்கோ மருந்துக்கோ அடிமையானவர்கள். பெயர் கிடையாது, எண் மட்டும்தான்.

கடைசிப் பக்கத்து அட்டவணை: பதினான்கு பேரில் பாதியில் நின்றவர்கள் ஆறு. சின்னவள் தன் நோட்டில் ஆறு கோடு போட்டாள். மணி பதினொன்றுதான் ஆகியிருந்தது. மூடப் போனவள், சும்மா ஒரு பக்கத்தைப் புரட்டினாள்.

நபர் 6 ஒரு லாரி ஓட்டுநர். வேட்கை வரும்போதெல்லாம் வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கி, சக்கரத்து நட்டுகளைத் தொட்டுத் தொட்டு எண்ணுவாராம். 'எல்லாச் சக்கரமும் எண்ணி முடிக்கறதுக்குள்ள அது போயிடும்மா. போகலேன்னா மறுபடி எண்ணுவேன். ஒரு நாள் ஏழு தடவை எண்ணினேன்.'

சின்னவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

மூன்று வாரமாக அவள் சதவீதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவர்கள் மனிதர்கள். நபர் 9 ஒரு பாட்டு வாத்தியார். கை மாத்திரைப் பக்கம் போகும்போதெல்லாம் மாணவர்களை வரவழைத்துவிடுவார், அவர்கள் முன்னால் கை நீளாது என்று. நடு மத்தியானத்தில் எதற்குப் பாட்டு வகுப்பு என்று தெருவே சிரித்ததாம். ஒவ்வொருவரும் தனியாக, யாருக்கும் தெரியாமல், கேட்டால் சிரிப்பு வருகிற ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒரு நாளைக் கடந்திருக்கிறார்கள். மறுநாள் மறுபடியும். இதெல்லாம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லையே என்று அவளுக்குப் பிரமிப்பாக இருந்தது.

அப்படியே நபர் 11-க்கு வந்தாள்.

'வயது 31. நுண்ணிய கைவேலை செய்பவர். கண் வலி, தலைவலிக்காகத் தொடங்கியது. தற்போது ஒரு நாளைக்குப் பதினைந்து மாத்திரைகள். காலையில் கை நடுங்குகிறது. ஐந்து வயதில் ஒரு மகன். மனைவி ஏழாம் மாதம். அவருக்குத் தெரியாது. அசதி என்று நினைக்கிறார்.'

பாவம் என்று நினைத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பினாள்.

'வீட்டுக்குப் போகும் வழியில் மருந்துக் கடை. டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுப்பார்கள். கடையைக் கண்டால் கால் தானாக நிற்கிறது என்கிறார். கடையைக் காணாமல் போக வழி இல்லையா என்று கேட்டேன். யோசித்தார். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிப் போகலாம், இருபது நிமிடம் அதிகம் என்றார். இந்த ஒரு வாரம் மட்டும் அப்படிப் போய்ப் பாருங்கள் என்றேன்.'

சின்னவளின் பென்சில் நின்றது.

'அமர்வு 5. ஒரு வாரம் சுற்று வழியில் போனதாகச் சொன்னார். ஒரு சிக்கல். மருந்துக் கடைக்கு நான்கு வீடு தள்ளி அவர் மனைவியின் அண்ணன் வீடு. அந்தத் தெருவுக்கே போகாததால், மைத்துனர் மீது கோபம் என்று மனைவி நினைக்கிறாராம். உண்மையைச் சொல்லிவிடலாமே என்றேன். "இந்த நிலைமையில அவகிட்ட எப்படிங்க சொல்றது? கோபம்னு நினைச்சா நினைச்சுட்டுப் போகட்டும். குழந்தை பொறந்ததும் எல்லாம் சரி பண்ணிடறேன்" என்றார்.'

அந்தக் குழந்தை இப்போது நூலகத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறது!

அவள் மீண்டும் படித்தாள். ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். அமர்வு 8-இல் பதினைந்து மாத்திரை நாலாகியிருந்தது. அமர்வு 11-இல் ஒன்று. அமர்வு 13-இல் நாலே வாக்கியம்: 'ஒன்பது நாளாக ஒன்றுகூட இல்லை. கையை நீட்டிக் காட்டினார். நடுங்கவில்லை. இருவரும் அந்தக் கையையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.'

பிறகு கோடு. கோட்டுக்குக் கீழே: 'இதன் பின் வரவில்லை. விளைவு: தெரியவில்லை. பாதியில் நின்றவராகக் கொள்ளப்படுகிறது.'

சின்னவள் தன் நோட்டைப் பார்த்தாள். அவள் போட்டிருந்த ஆறு கோடுகளில் ஒன்று அப்பா.

சிரிப்பும் அழுகையுமாக ஏதோ ஒரு சத்தம் அவளையும் மீறி வந்துவிட்டது. உஷ் மேடம் எழுந்து வந்தார். அவள் முகத்தைப் பார்த்தார், திறந்திருந்த பக்கத்தைப் பார்க்கவில்லை.

"இந்த ரூம்ல அழக் கூடாதுன்னு விதி எதுவும் இல்ல. ஆனா ஏட்டு மேல கண்ணீர் விழாம அழு. பழைய காகிதம்."

"மேடம், விளைவு தெரியலைன்னு போட்டிருக்காங்க. அது... அது தெரிஞ்சவங்க யாராவது வந்தா, இதுல எழுதலாமா?"

"பென்சில்ல கூட எழுதக் கூடாது" என்றார் உஷ் மேடம். கொஞ்சம் நின்று, "தெரிஞ்சவங்க வாசல்ல கையெழுத்துப் போட்டுத்தான் உள்ள வந்திருப்பாங்க" என்றார்.

அப்போதுதான் சின்னவள் அந்த வரியை முதல்முறையாக மனசில் வாசித்தாள். எவரிடமும் வெளியிடாதிருக்க.

வீட்டுக்கு அவள் நேர் வழியில்தான் வந்தாள், மாமா வீட்டுத் தெரு வழியாக. பதினைந்து வருஷமாகத் தினமும் நடக்கிற தெரு. மாமா வீட்டுக்கு நாலு வீடு முன்னால் நின்று பார்த்தாள். மருந்துக் கடையா? இங்கேயா? அவளுக்கு நினைவு தெரிந்த நாளாக அங்கே இருப்பது செல்போன் கடை. கண்ணாடிக்குப் பின்னால் கலர் கலராக உறைகள் தொங்கின.

கடையே இல்லை. அப்பா இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறார்.

வருஷத்துக்கு முன்னூறு வேலை நாள். இருபத்திரண்டு வருஷம். ஏழாயிரம் சாயங்காலத்துக்குக் கொஞ்சம்தான் குறைச்சல். மழையில், ஜுரத்தில், அவள் பள்ளி ஆண்டுவிழாவுக்குத் தாமதமாகி எல்லோரும் திட்டிய நாளில், ரவுண்டானா வந்தாச்சு என்று அவளே கைதட்டிச் சிரித்த எல்லா நாளிலும், அந்த மனிதர் ஒரே ஒரு வாரத்துக்கென்று ஒப்புக்கொண்ட வேலையைச் செய்துகொண்டிருந்திருக்கிறார். காலையில் அவரைப் பற்றித் தான் நினைத்ததை நினைத்து அவள் வெட்கப்பட்டாள். அதைவிட, இத்தனை பெரிய ஒன்று தன் வீட்டுக்குள் செருப்பு மாட்டிக்கொண்டு தினமும் போய் வந்திருக்கிறதே என்கிற ஆச்சரியம்தான் அவளை நிற்கவைத்தது.

வீடு சேர்ந்தபோது மணி மூன்று. பெரியவன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தான். அம்மா மெஷினில் இருந்தாள்.

"ரெண்டு தடவை எழுப்பிட்டேன். போகலைன்னா போகலதாங்கறான். உங்கப்பா வந்து அரை மணி நேரமாச்சு. பாத்திரம் தேய்க்கறார். மலையே புரண்டாலும் அவர் பாத்திரம் தேய்ப்பார்."

சின்னவள் சமையலறைக்குப் போனாள். அப்பா ஒரு டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, லென்ஸைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். கை அசையவில்லை. அந்தக் கையை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். பதின்மூன்றாவது அமர்வில் யாரோ ஒரு மாணவி பார்த்த அதே கை.

யாரிடமும் சொல்லக் கூடாது. ஆனால் அவருடையதை அவரிடமே சொல்வதற்கு யார் தடை போட முடியும்? முன்னறையில் மெஷின் கடகடத்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் இருக்கிறவரைக்கும் அம்மாவுக்குக் கேட்காது.

"அப்பா, இன்னிக்கு லைப்ரரியில ஒரு பழைய ஆய்வேடு படிச்சேன்."

"ம்."

"பதினாலு பேரைப் பத்தி. பேர் கிடையாது, நம்பர்தான். நானும் பேர் சொல்லப் போறதில்ல. அதுல பதினோராவது ஆள் ஒருத்தர். பதிமூணு வாரம் வந்துட்டு நின்னுட்டார். விளைவு தெரியலைன்னு எழுதி வச்சிருக்காங்க."

டம்ளர் கீழே இறங்கியது. அப்பா குழாயை மூடினார். பிறகு, சுவரைப் பார்த்துக்கொண்டு, கேட்டார்.

"அந்தக் கடை இன்னும் இருக்கா?"

"இல்லப்பா. பதினஞ்சு வருஷத்துக்கு மேலயே இல்ல. இப்ப செல்போன் கடை."

"அப்படியா" என்றார். ஸ்டூலில் உட்கார்ந்தார். ஈரக் கையை முழங்காலில் துடைத்துக்கொண்டார். "நான் விசாரிக்கவே இல்லம்மா. இல்லைன்னு சொல்லிட்டா நேர் வழியில வர ஆரம்பிச்சுடுவேன். அப்புறம் வேற ஏதாவது கடை கண்ணுல படும். சுத்தி வந்தா பழகிடுச்சு. சுத்தறவரைக்கும் நான் நல்லா இருக்கேன்னு ஒரு கணக்கு."

"ஏன்பா நின்னீங்க? பதிமூணோட?"

அவள் மூன்று வாரமாக இருபத்தொரு ஆய்வேட்டில் தேடுகிற கேள்வி அது.

"அந்த வாரம் நீ பொறந்தே. அம்மா ஆஸ்பத்திரியில. போக முடியல. அடுத்த வாரம் போகலாம்னு பாத்தா, சொல்லாம நின்னுட்டோமேன்னு வெக்கமா இருந்துச்சு. அதுக்கு அடுத்த வாரம் இன்னும் வெக்கம். வேற ஒண்ணும் இல்ல." கதவு சாத்தியிருந்த அறைப் பக்கம் பார்த்தார். "அவனும் அதுக்குத்தான் மாட்டேங்கறான். எதிர்லயே உக்காந்துட்டு, பொய் சொல்லிட்டு, இப்ப எந்த மூஞ்சியோட போறதுன்னு. எனக்குத் தெரியுது. அவன் படறது ஒன்றரை வருஷமாவே தெரியுது. சொல்ல வாய் வரல. என் வாயில இருந்து இது வெளிய வந்தா உங்கம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது? ஒரு மாத்திரைக்காக அவ அண்ணனையே அவகிட்ட இருந்து பிரிச்சுட்டேனே."

சின்னவள் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அந்த ஈரக் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"விளைவு எனக்குத் தெரியும்பா" என்றாள் கடைசியில். "உலகத்துலயே எனக்கு மட்டும்தான் தெரியும். ஆனா எழுதக் கூடாதாம். பென்சில்ல கூட."

அப்பா சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு எழுந்து போய், பெரியவனின் கதவைத் தட்டினார்.

"எழுந்திரு. சட்டையைப் போடு."

"நான்தான் போகலைன்னு சொல்லிட்டேனே."

"நானும் வர்றேன்."

"நீங்க வந்து? உங்களுக்கு இதைப் பத்தி என்னப்பா தெரியும்?"

"ஒரு நாளைக்குப் பதினஞ்சு வரைக்கும் தெரியும்" என்றார் அப்பா தணிந்த குரலில். "மிச்சத்தை வழியில சொல்றேன். நடந்தே போவோம்."

அப்புறம் கதவு திறந்தது. பெரியவன் அப்பாவைப் பார்த்த பார்வையைச் சின்னவள் ஒருநாளும் மறக்க மாட்டாள். தினமும் பார்த்த ஒருவரை அன்றைக்குத்தான் யாரோ அவனுக்கு அறிமுகம் செய்துவைத்தது போலப் பார்த்தான். சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான்.

அம்மா ஜன்னலுக்கு ஓடினாள். அப்பாவும் பிள்ளையும் தெருமுனைக்குப் போனார்கள். அப்பா நின்றார். இடப்பக்கம் ஒரு தடவை பார்த்தார்.

வலப்பக்கம் திரும்பினார்.

"ஐயோ! அந்தப் பக்கம் போறாரேடீ! அண்ணன் இந்நேரம் வாசல்லயேதான் உக்காந்திருப்பான். இன்னிக்குன்னு பாத்தா சண்டைக்குப் போகணும்?"

"சண்டை இல்லம்மா. இரு."

"உனக்கென்ன தெரியும்? விடுடீ என்னை!"

சின்னவள் விடவில்லை. முக்கால் மணி நேரம் அம்மா கூண்டுக்குள் மாதிரி அந்த முன்னறையில் நடந்தாள். நாலரைக்கு அம்மாவின் போன் அடித்தது. தைக்கிறவளுக்கு இரண்டு கையும் வேலையாக இருக்குமென்று அதை எப்போதும் ஸ்பீக்கரிலேயே வைத்திருப்பாள். பெயர் வராத எண்.

"நான்தான்" என்றது குரல். அம்மா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். இருபத்திரண்டு வருஷத்துக்கப்புறமும் அவளுக்கு அந்தக் குரல் அடையாளம் தெரிந்தது.

"உன் வீட்டுக்காரர் வந்திருந்தார்ம்மா. பையனோட. அவன்தான் உன் நம்பர் குடுத்தான். அந்தச் செல்போன் கடை வாசல்ல ரொம்ப நேரம் நின்னு என்னவோ பேசிட்டிருந்தாங்க ரெண்டு பேரும். அப்புறம் நேரா என் வாசல்ல வந்து நின்னார்."

"என்னண்ணா சொன்னார்? திட்டினாரா?"

"திட்டறதா? 'மச்சான், உங்க மேல எனக்கு ஒரு நாளும் கோபம் இருந்ததில்ல. கோபம்னு எல்லாரும் நினைக்கட்டும்னு விட்டது என் தப்பு'ன்னார். எனக்கு ஒண்ணும் புரியல. அப்ப எதுக்கு மாப்பிள்ளை இத்தனை வருஷம்னு கேட்டேன். அதை முதல்ல உன்கிட்டதான் சொல்லணுமாம், இன்னிக்கு வந்து சொல்றாராம். அதுக்கு மேல அவரால பேச முடியல. உள்ள வாங்கன்னு கையைப் பிடிச்சேன். உன் பிள்ளைதான் விடல."

"அவன் என்ன பண்ணினான்?"

"அவர் தோளைப் பிடிச்சு இழுத்தான். 'அப்பா, அஞ்சு மணிக்கு அங்க இருக்கணும். வாங்க, நேரமாச்சு'ன்னு. எங்க போறாங்கம்மா அவ்வளவு அவசரமா?"

அம்மா வாயில் புடவைத் தலைப்பை வைத்து அழுத்திக்கொண்டாள். மாமா அந்தப் பக்கம் காத்திருந்தார். பிறகு, "சரி, நான் வச்சிடட்டுமா?" என்றார்.

"வைக்காத அண்ணா" என்றாள் அம்மா. "கொஞ்ச நேரம் அப்படியே இரு."

அவர் இருந்தார். போனிலிருந்து அந்தத் தெருவின் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

எப்போது துண்டித்தது என்று தெரியவில்லை. அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு மகளைப் பார்த்தாள். அது அழுத முகம்தான், ஆனால் கண்ணில் வேறு ஏதோ வந்திருந்தது.

"கோபம் இல்லையாம். இருபத்திரண்டு வருஷம் என் அண்ணன் வாசலை நான் மிதிக்காம இருந்தேன். கோபமே இல்லையாம்." குரல் மெல்ல உயர்ந்தது. "அப்ப எதுக்குடீ? உனக்குத் தெரியும். உன் மூஞ்சியே சொல்லுது."

"தெரியும்மா."

"சொல்லு."

"சொல்ல முடியாதும்மா. அது என்னோடது இல்ல. அப்பா வந்து சொல்வார்."

அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, பாதி தைத்த சீருடையை ஊசியிலிருந்து எடுத்து மடித்து வைத்தாள். மெஷினுக்கு உறை போட்டாள். நாற்காலியை வாசலுக்கு நேராகத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

மணி ஐந்து அடித்தது.